வெங்காயம் என்று எழுதியிருந்தது

சார்ப்பி எல்லைச் சாவடியில்
பிடித்து வைத்த மூட்டை அது.
பதினோரு கிலோ.
ஒவ்வொரு விதைக்கும் களிமண் பூசி
மிளகளவு உருட்டி
நீலச்சாயம் ஏற்றியிருந்தார்கள்.
சீட்டில் மட்டும்: வெங்காயம்.

முளைக்கட்டும், பார்ப்போம் என்றார் அன்சோர்.
பதூமியில் எங்கள் ஆய்வகத்துக்கு
வாசல் ஒன்று, சன்னல் ஒன்று,
மழை மட்டும் நூறு விதம்.
ஈரத்தாளில் நூறு உருண்டை எண்ணி வைத்தேன்.
படிவத்தில் என் பெயர், நாசிப்ரோலா.
அதன் கீழே இரண்டு கட்டம்:
ஒருவித்திலை. இருவித்திலை.

பூக்கிற எல்லாவற்றையும்
இந்த இரண்டு கட்டத்துக்குள்
உட்கார வைத்துவிடலாம் என்றுதான்
கல்லூரியில் படித்திருந்தேன்.
மண்ணைப் பிளந்து தலைநீட்டும்போது
ஒற்றை இலையா, ஜோடியா?
ஒற்றையென்றால்
நரம்பு தண்டவாளம் போல் ஓடும்,
வேர் கற்றையாய்த் தொங்கும்,
இதழ் மும்மூன்றாய் விரியும்.
சோளம், பூண்டு, சரிவில் நட்ட மூங்கில்.
ஜோடியென்றால்
நரம்பு வலை பின்னும், ஆணிவேர் இறங்கும்,
இதழ் நாலோ ஐந்தோ.
அவரை, சக்வித் தோட்டத்துத் தேயிலை.
ஒரு துளி பச்சையைப் பார்த்து
முழு ஆயுளையும் சொல்கிற கணக்கு.
அழகான கணக்கு. நம்பினேன்.
இப்போதும் முக்கால்வாசி நம்புகிறேன்.

வெங்காயம் பத்து நாளில் வந்துவிடும்,
கூன் விழுந்த ஊசியாக,
விதைத்தோலைத் தொப்பிபோல் சுமந்துகொண்டு.
பத்தாம் நாள் ஒன்றுமில்லை.
இருபதாம் நாள் ஒன்றுமில்லை.
லாரிக்காரர் ஜெங்கிஸ்
தினமும் வந்து படிக்கட்டில் நின்று
சூரியகாந்தி விதை கொறித்தார்.
அவர் மென்றதெல்லாம் ஜோடி இலைகள்தான்,
விரியும் முன்பே.

நடுவில் எனக்குக் காய்ச்சல்.
தட்டு இருட்டுப்பெட்டியில் கிடந்தது, மறந்தே போனேன்.
மறதிதான் அதற்கு வேண்டியிருந்ததோ என்னவோ,
நாற்பத்து மூன்றாம் நாள் திறந்தால்
களிமண் வெடித்த ஒரு இடத்தில்
கடுகளவு கிழங்கு.
கிழங்கின் மேல் சிவந்த காம்பு.
காம்பின் நுனியில்
ஒரே ஓர் இலை.

"ஒன்று" என்றார் அன்சோர், பேனாவைத் திறந்தபடி.
"ஒன்றென்றால் வெங்காயம்.
அந்த மனுஷனை அனுப்பிவிடு,
படிக்கட்டெல்லாம் தோல்."

லென்ஸை இழுத்துக்கொண்டேன்.
இலையின் அடியில் சிறு பிளவு.
நரம்பு தண்டவாளமாய் இல்லை,
கடலுக்குச் சற்று முன்
ஆறு பிரிகிற மாதிரி பிரிந்தது.
புரட்டினேன்:
மாதுளைச்சாறு கொட்டிய நிறம்.
எந்த வெங்காயத்துக்கு
இதய வடிவில் இலை?

கொச்சிவர்தா.
எங்கள் மொழியில் ஆட்டுக்கடா ரோஜா.
மச்சாகேலாப் பள்ளத்தாக்கில்
பீச் மரங்கள் துளிர்க்கும் முன்
பனிக்குள்ளேயே பூத்து,
காய்த்ததும் காம்பைச் சுருளாய்ச் சுருட்டி
காயை மண்வரை இறக்கி
எறும்பிடம் ஒப்படைக்கிற செடி.
அனுமதிச் சீட்டில்லாமல்
எல்லை தாண்டக் கூடாத செடி.
பிறப்பால் ஜோடிக் கூட்டம்.
இரண்டாவது இலையை
எந்தக் காலத்திலோ
உள்ளேயே மடித்து வைத்துக்கொண்டுவிட்டது.

"ஒரு இலைதானே இருக்கிறது?"
இருக்கிறது.
"அப்போது கட்டம் இரண்டா?"
ஆமாம்.
அன்சோர் பேனாவை மூடினார்.
தாவரத் தோட்டத்துக் குளத்தில் அல்லி இருக்கிறதே,
அது இந்த இரண்டு வீடும் எழும்பும் முன்பே
தனிக்குடித்தனம் போனது என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
படிவம் தாங்காது. அவரும் தாங்கமாட்டார்.

இருவித்திலை என்ற கட்டத்தில் குறியிட்டு
பக்கத்து வெள்ளையில்
அந்த ஓர் இலையை வரைந்தேன்,
உள்ளது உள்ளபடி.

ஜெங்கிஸ் படத்தை நெடுநேரம் பார்த்தார்.
"என்னிடமும் வெங்காயம் என்றுதான் சொன்னார்கள்" என்றார்.
பொய்யா மெய்யா, தெரியாது.
முகத்தைப் பார்த்து வகை பிரிக்க
எனக்குப் பயிற்சியில்லை.

மீதித் தொண்ணூற்றொன்பது
இன்னும் வாய் திறக்கவில்லை.
பெட்டியை மூடினேன்.